குரங்கணியில் கண்ட தவம்



அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியமும் ஒன்றென ஓதுகின்றோம். நோயுற்ற முனிவர்க்குத் தொண்டு செய்தலே அதன் நேர்ப்பொருள். முனிவர் எழுந்தருளுதல் அரிதாகிவிட்டமையால், அத்தவம் நமக்கு வாய்க்காதென அமைந்துவிடுகின்றோம்.

2018 மார்ச் 11 அன்று, போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தியறிந்து முதலில் விரைந்தோர் அவ்வூர் மக்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளருமே. சுமை சுமந்து பழகிய தோள்கள்! போர்வையில் டோலி கட்டி, தீப்புண் பட்டோரைச் செங்குத்துச் சரிவில், இருட்டில், இறக்கினர். வையாவிருத்தியம் என்னும் சொல்லை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள்.

நாம் எறும்பை மிதியாது நடப்போம், நல்லதே. இதனை எழுதுகையில் நாணமும் எழுகின்றது. நம் தெருவில் படுக்கையிற் கிடக்கும் முதியவரை நாம் இறுதியாகச் சென்று கண்டது எந்நாள்?