சுவடும் உரிமையும்

டிசம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலையில் யாத்திரைக் காலம். ஹட்டன், மஸ்கெலியா வழியே நல்லதண்ணியை அடைவோர் இரவிலே ஏறி, உச்சியில் உதயம் காண்பர். அங்குள்ள சுவடு பௌத்தருக்குப் புத்தபிரானுடையது; சைவருக்குச் சிவபெருமானுடையது; இஸ்லாமியருக்கு ஆதம் நபியுடையது; கிறிஸ்தவருட் சிலர் புனித தோமையாரை நினைப்பர்.

இதனைக் கண்டு, 'எல்லாம் ஒன்றே' எனக் கூறி அமைதல் நம்மவர் வழக்கம். அவ்விடை எனக்கு உடன்பாடன்று. ஒரு சுவடு நால்வருடையதாதல் இயலாது. கொள்கையில் மாறுபட்டோர் ஒரே படியில் எங்ஙனம் இசைந்து ஏறுகின்றனர் என்பதே வினா.

மலை வழக்கங்களை நோக்குக. எதிர்ப்படுவோர் 'கருணாவயி' என்று வாழ்த்துகின்றனர். புத்தர் தம் ஆடையைத் தைக்கத் தங்கியதாகக் கூறப்படும் இடத்தில் ஊசியும் நூலும் இடுகின்றனர். உச்சியில், தாம் எத்தனை முறை ஏறினரோ அத்தனை முறை மணியை ஒலிப்பர். முதன்முறை வந்த செல்வருக்கு ஒரே ஒலி. இருபதாம் முறை வந்த கொழுந்து பறிக்கும் மூதாட்டிக்கு இருபது. மணி ஏறிய கணக்கைக் கேட்கிறதேயன்றி நம்பிக்கையைக் கேட்பதில்லை. 1344இல் இப்னு பதூதா இம்மலைக்கு வந்தபோது, ஆரியச் சக்கரவர்த்தி யோகியரையும் பிராமணரையும் அவருக்குத் துணையாக அனுப்பினான். விருந்தினரின் கதையை அம்மன்னன் நம்பவேண்டியிருக்கவில்லை. வழித்துணை தந்தான், அவ்வளவே.

உரிமை என்னும் சொல் புகுந்தபோது நிலை வேறாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் சீதாவக்கை முதலாம் இராசசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைப் பௌத்த பிக்குகளிடம் மீட்டளித்தான். கொடுத்தவன் சிங்கள மன்னன். மீட்டவன் நாயக்கர் வழியினன். இனப்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் நன்று.

உடையவன் இசைவதால் கிடைக்கும் இடம் வேறு. வழிச்செல்வோர் ஒருவர்க்கொருவர் ஒதுங்கித் தரும் இடம் வேறு. முன்னையதை எந்நாளும் திரும்பப் பெறலாம். அடிவாரத் தோட்டத் தொழிலாளர் இவ்வேறுபாட்டை ஏடுகளிற் கற்றாரல்லர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர் குடியுரிமைச் சட்டமொன்றுக்காக 2003 வரை காத்திருந்தனர். படியில் அம்மூதாட்டிக்கு ஒதுங்கி நின்று 'கருணாவயி' என்றவர்கள், கீழிறங்கியபின் அவள் குடியிருக்கும் லயன் அறையின் நிலம் யாருடையது என்று வினவினரா?