பிள்ளையின் பெயரால்

டெட்ராய்ட் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு குடிபெயரப் போகிறவருக்கு, முன்பே அங்கே இருப்பவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, “ஊருக்குள்ளே மட்டும் வீடு பார்க்காதீங்க” என்பதுதான். அடுத்து சில பெயர்கள் வரும்: டிராய், நோவை, கான்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ். எல்லாமே புறநகர்கள். கார்த் தொழிலை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊர்களில்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு நடப்பதும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். திரையில் வரைபடத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு எத்தனை ரேட்டிங் என்று பார்த்து, எட்டை விட்டு ஒன்பதுக்கும் ஒன்பதை விட்டுப் பத்துக்கும் போய்க்கொண்டே இருப்பார்கள். வாடகை கூடும், அலுவலகம் தூரமாகும். ஆனாலும் ‘பிள்ளை படிப்புக்காக’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்றே நினைக்கிறோம். அந்தச் சொல்லில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, அந்த நியாயம் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதை ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

அந்த நகரம் தானாக நொடித்துப்போகவில்லை. 1950-இல் டெட்ராய்டில் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம் பேர். ஆலைகள் புறநகர்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் போய்விட்டன என்பது பாதிக் கதை. மீதிக் கதை வீட்டுக்கடன். 1930-களில் தொடங்கிய அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதம், வெள்ளையருக்கான புதுக் குடியிருப்புகளுக்குக் கை கொடுத்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளையும் அவற்றை ஒட்டிய மனைகளையும் ஆபத்தானவை என்று ஒதுக்கியது. 1941-இல் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் ஒருவர் வெள்ளையருக்காக வீடுகள் கட்ட முன்வந்தார். பக்கத்திலேயே கறுப்பினக் குடும்பங்கள் இருந்ததால் அவருக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது. நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே ஓடி, ஒரு விளையாட்டுத் திடலின் ஓரத்துக்கு வரும்போது பளிச்சென்ற வண்ணங்களில் ஓவியமாகிறது. ஒரு வாலிபன் எட்டிப் பிடித்து ஏறித் தாண்டிவிடக்கூடிய உயரம்தான். ஆளைத் தடுக்க அது கட்டப்படவில்லை. கடன் கொடுப்பவரின் வரைபடத்துக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. இப்போது சுவரின் இரு பக்கமும் வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களே. கோடு அங்கிருந்து நகர்ந்து, நகரத்தின் வட எல்லையான எட்டு மைல் சாலைக்கே போய்விட்டது.

அந்தக் கோட்டை அழிக்க ஒருமுறை வாய்ப்பு வந்தது. டெட்ராய்ட் பள்ளிகளில் நிறப் பிரிவினை நடந்திருக்கிறது என்று கண்ட நீதிபதி ஸ்டீபன் ராத், நகரப் பிள்ளைகளையும் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் பிள்ளைகளையும் ஒன்றாகக் கலந்து படிக்கவைக்கும் திட்டத்துக்கு உத்தரவிட்டார். 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. புறநகர்கள் குற்றம் செய்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே அவற்றை இதில் இழுக்க முடியாது என்பது பெரும்பான்மையின் வாதம். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். பெருநகரங்கள் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று இரண்டாக உடையும் என எச்சரித்தார். அப்படியேதான் நடந்தது. எல்லைக்கு அப்பால் வீடு வாங்க முடிந்தவர்கள் பள்ளியையும் சேர்த்து வாங்கினார்கள். 1994-இல் மிச்சிகன் மாநிலம் பள்ளிகளுக்கான நிதி முறையை மாற்றி, அன்றாடச் செலவுக்கு ஒவ்வொரு மாணவர் கணக்கிலும் மாநிலமே பணம் தரும்படி செய்தது. ஆனால் கட்டடம் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் இன்றும் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியில்தான். சொத்து மதிப்பு உயர்ந்த ஊர் புது ஆய்வுக்கூடம் கட்டும். மதிப்பு சரிந்த ஊர் ஒழுகும் கூரையோடு காலம் தள்ளும். இதோடு, தேர்வு மதிப்பெண்ணும் குடும்ப வருமானமும் ஒட்டியே போகும் என்பது கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். ஆக, திரையில் தெரியும் பத்துக்குப் பத்து, அந்தப் பள்ளியில் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்பதை ஓரளவு சொல்கிறது. அங்கே யார் குடியேற முடிந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

இதற்குச் சொல்லப்படும் வலுவான மறுப்பு எல்லோருக்கும் தெரியும். சமூக அநீதியைச் சரிசெய்ய என் குழந்தையைப் பலிகொடுக்க வேண்டுமா? கூடாது. இதில் மழுப்ப எதுவும் இல்லை. 2016-இல் டெட்ராய்ட் ஆசிரியர்கள், வகுப்பறைகளில் பூஞ்சையும் எலியும் இருப்பதைக் காட்டிக் கூட்டாக விடுப்பெடுத்துப் போராடினார்கள். அதே ஆண்டு மாணவர்கள் சிலர், தங்களுக்கு எழுதப் படிக்கக்கூடச் சொல்லித்தரப்படவில்லை என்று மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்குக் கொள்கைக்காகத் தன் மகளை அனுப்பு என்று எந்தத் தாயிடமும் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இடம் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றும் என்பதற்கு உறுதியான சான்றும் இருக்கிறது. 1990-களில் ஐந்து அமெரிக்க நகரங்களில் கடும் வறுமைப் பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர வழிசெய்தார்கள். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் பின்னாளில் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தைப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன் இடம்மாறியவர்கள் பெரியவர்களானதும் ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. பிள்ளைக்காக ஊர் பார்ப்பது வெறும் மனப்பிராந்தி அல்ல.

ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது எதை எதோடு என்று கவனிக்க வேண்டும். கடும் வறுமைக்கும் சாதாரணமான, பத்திரமான ஒரு தெருவுக்கும் உள்ள வித்தியாசத்தை. ரேட்டிங் எட்டுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் இல்லை. பெற்றோரின் கடமை பேசுவது முதலாவதைப் பற்றி. பெற்றோரின் தேடல் நடப்பதோ இரண்டாவதில். ஆற்றுப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். தலைமடைக்காரர் தன் பயிருக்கு நீர் பாய்ச்சுவதில் ஒரு தப்பும் இல்லை. பயிர் காயும்போது மடையைத் திறக்காதவர் விவசாயியே இல்லை. வயல் நனைந்து வரப்பு வழிந்த பிறகும் மடையை அடைக்காமல் விடும்போதுதான் கடைமடை காய்கிறது. அப்போதும் அவர் ‘என் பயிருக்காக’ என்றே சொல்வார். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்பது ஒரு தேவை. அது நிறைவேறுவதால் வேறு எந்தப் பிள்ளைக்கும் நஷ்டம் இல்லை. மற்றப் பிள்ளைகளைவிட முன்னால் நிற்க வேண்டும் என்பது வேறு வகையானது. கல்லூரி இடமோ வேலையோ எண்ணிக்கைக்கு உட்பட்டது என்றால், ஒருவர் முன்னால் போவது இன்னொருவர் பின்னால் போவதால்தான். முதலாவதைத் தேடிப் புறநகருக்குப் போவதற்குப் பிள்ளையின் பெயர் தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு அந்தப் பெயரைக் கடன் வாங்குவது சரியல்ல.

‘போதும்’ என்று யார் முடிவு செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறாமல் நிலைத்திருப்பது, பிள்ளை பயமில்லாமல் போய்வருவது, கணிதமும் அறிவியலும் மேல்வகுப்பு வரை ஒழுங்காக நடப்பது, தடுமாறும் பிள்ளையைக் கவனிக்க ஆள் இருப்பது ஆகியவற்றை நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், ரேட்டிங்கில் தெரியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சியாளர்கள் இருக்கும் பள்ளி மாவட்டத்தைத் தேடிப் போவது ஆடம்பரம் ஆகாது. அந்தக் குழந்தைக்கு ‘போதும்’ என்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வரைபடத்தைத் திரும்பப் பார்த்தால், எட்டு மைல் சாலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் ஃபெர்ண்டேல், ஓக் பார்க், சவுத்ஃபீல்ட் போன்ற ஊர்கள் கண்ணில் படும். பல நிறத்தவரும் பல வருமானத்தவரும் வாழும் ஊர்கள் அவை. அவற்றில் ஒரு பள்ளி பிள்ளைக்குப் பொருந்திவந்தால், அதைத் தாண்டி இன்னும் இருபது மைல் போவதற்கு வேறு காரணம்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணம் நேர்மையானதாகவும் இருக்கலாம்: அலுவலகம் அந்தப் பக்கம், உறவினர் அந்தத் தெருவில், வேலை விசாவில் இருப்பதால் வேலை போனால் வீட்டைச் சட்டென்று விற்றாக வேண்டும் என்ற பயம். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவற்றை அவற்றின் சொந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

“அந்தச் சுவரை நாங்கள் கட்டவில்லையே” என்பது புதிதாக வந்தவர்கள் சொல்லும் இன்னொரு மறுப்பு. உண்மைதான். அந்தச் சுவர் எழுந்தபோது ஓர் இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை கோரவே சட்டத்தில் இடமில்லை. இந்தியர்கள் பெருமளவில் அங்கே குடியேற வழிதிறந்தது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அதைச் செனட்டில் கொண்டுவந்த ஃபிலிப் ஹார்ட், மிச்சிகன் மாநிலத்துச் செனட்டர். கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் நாட்டையே உலுக்கிய ஆண்டுகளில் நிறைவேறிய சட்டம் அது. புறநகரின் கதவு திறந்ததும் அந்தப் போராட்டத்தால்தான். கிராஸ் பாயின்ட் என்ற வசதியான புறநகரில், வீடு வாங்க வருபவரின் தோல் நிறம், பேச்சு வழக்கு, நடையுடை எல்லாவற்றுக்கும் தரகர்கள் மதிப்பெண் போட்டுத்தான் அனுமதித்தார்கள் என்பது 1960-இல் அம்பலமானது. போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் யூதர்களும் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும். கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் மதிப்பெண்ணே கிடையாது, விண்ணப்பிக்கவே வழியில்லை. வெள்ளையர் அல்லாதவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் டெட்ராய்ட் வீடு ஒன்றின் வழக்கும் அடக்கம். வீடு விற்பதில் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வந்தது 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுவாரம். இன்று ஒரு தமிழ்க் குடும்பம் டிராயில் வீட்டுச் சாவியை வாங்குகிறதென்றால், அந்தச் சாவிக்கான விலையில் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் எட்டு மைல் சாலைக்குத் தெற்கே இருக்கிறார்கள். சுவர் கட்டிய பழி நம்முடையது அல்ல. கதவு திறந்த நன்றியை மறந்தால், அது நம் பழி.

ஒரு குடும்பம் எங்கே குடியிருந்தால் என்ன மாறிவிடப் போகிறது என்பவர்களுக்கு விரிவான பதில் தேவையில்லை. அந்த நகரம் காலியானதே ஒவ்வொரு குடும்பமாகத்தான். வசதியானவர்கள் ஊருக்குள் வந்தால் வாடகை ஏறி ஏழைகள் வெளியேற்றப்படுவார்கள் என்ற கவலையும் உண்டு. நகரமையத்தை ஒட்டிய சில பகுதிகளில் அது உண்மை. வீடுகள் இடிக்கப்பட்டுப் புல் முளைத்துக் கிடக்கும் தெருக்களில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வருவதை யாரும் வெறுப்பதில்லை.

புறநகரில் குடியேறிவிட்டோம், சரி. பிறகு என்ன என்பதுதான் அதிகம் பேசப்படாத பகுதி. டெட்ராய்டில் வேலை செய்து வெளியே வசிப்பவர் நகரத்துக்கு 1.2 சதவீதம் வருமான வரி கட்டுகிறார். உள்ளே வசிப்பவர் 2.4 சதவீதம். நகரத்தின் சாலையும் மருத்துவமனையும் அருங்காட்சியகமும் இருவருக்கும் பொது. 2012-இல் இந்த உறவைப் புறநகர்கள் மதித்த ஒரு தருணம் உண்டு: டெட்ராய்ட் கலைக்கூடத்தைக் காப்பாற்ற மூன்று கவுன்ட்டிகளின் வாக்காளர்களும் தங்கள் சொத்து மீது ஒரு சிறு வரியை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே நகரம், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. ஆனால் 2016-இல், நகரத்தையும் புறநகர்களையும் ஒரே போக்குவரத்தில் இணைக்கும் வரி வாக்கெடுப்பு மயிரிழையில் தோற்றது. ஓவியத்துக்கு ஆம், பேருந்துக்கு இல்லை. புறநகர்ப் பேருந்துச் சேவையில் சேராமல் விலகிக்கொள்ளும் உரிமை ஊர்களுக்கு இருந்தது. நோவை அப்படி விலகியிருந்த ஊர்களில் ஒன்று. ஏன் என்று கேட்டால் வரி மிச்சம் என்றார்கள். அந்த ஊர்களின் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்ய நகரத்திலிருந்து வந்தவர், கார் இல்லையென்றால் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நடைபாதை இல்லாத சாலையோரத்தில் பனியில் நடந்தாக வேண்டியிருந்தது. 2022-இல், நோவை அடங்கிய ஓக்லண்ட் கவுன்ட்டியின் வாக்காளர்கள், எந்த ஊரும் விலக முடியாதபடி முழுக் கவுன்ட்டிக்கும் பேருந்து வரியை நிறைவேற்றினார்கள். எந்தக் குழந்தையின் படிப்பும் அதனால் கெட்டுவிடவில்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, பச்சை அட்டை வந்த பிறகும் இல்லை. குடியுரிமை வாங்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் வாயைத் திறக்கக் குடியுரிமை தேவையில்லை. வாடகைக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட ஒருவர் விண்ணப்பித்தால், புறநகர் மன்றத்தில் பொது விசாரணை வைப்பார்கள். ஊரில் வசிக்கும் யாரும் ஒலிபெருக்கிக்கு முன் நின்று சில நிமிடங்கள் பேசலாம். பேசுகிறவர்களில் பலர் எதிர்க்கத்தான் வருகிறார்கள். போக்குவரத்து நெரிசல் கூடும், வீட்டு விலை இறங்கும் என்பார்கள். அதற்கும் மேலாக, பள்ளிகளில் இடநெருக்கடி வரும், பிள்ளைகளின் படிப்பு பாதிக்கும் என்பார்கள். மூன்று படுக்கையறைத் தனிவீடு வாங்க முடியாமல் அந்த அடுக்குமாடி எழுவதற்காகக் காத்திருப்பவரும், பள்ளி ரேட்டிங்கைப் பார்த்துத் தன் பிள்ளைக்காகத்தான் அந்த ஊரைத் தேர்ந்திருப்பார்.