யார் கிறிஸ்தவர்? ஒரு சைவ வீட்டில் எழுந்த கேள்வி



சென்ற தை மாதம் எமது வீட்டு மேசையில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஒரு வழக்கு நடந்தது. எமது பெறாமகள் விரும்பிய பையன் கத்தோலிக்கன். எம்மவன்தான், மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், நல்ல பிள்ளை. ஆனால் கல்யாணத்துக்கு முன் பெண் ஞானஸ்நானம் பெற்றுவிட வேண்டும் என்பது பையனின் தாயாருடைய ஆசை. பிள்ளை எம்மைப் பார்த்துக் கேட்டாள்: "சித்தப்பா, தலையிலை கொஞ்சம் தண்ணி விட்டால் நான் வேறை ஆளாய்ப் போடுவனோ?"

"போவாய்" என்றா அவளின் அப்பம்மா. "ஒரு கடதாசிதானே" என்றார் தகப்பனாகிய எமது அண்ணர். நாம் கணக்காளர், புத்தகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வது எமது தொழிலில் வழக்கமில்லை. பார்த்ததை இங்கே எழுதுகிறோம். இந்தக் கேள்வி எமது வீட்டோடு நிற்கப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

யேசுவைக் கும்பிடுகிறவர் கிறிஸ்தவர் என்று எம்மவரில் பலர் சுருக்கமாக முடித்துவிடுவர். அப்படியானால் எம்மில் அரைவாசிப் பேர் கிறிஸ்தவரே! மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்த சைவர்கள் எத்தனை பேர்? இங்கே மொன்றியலிலும் மலைச்சரிவிலுள்ள சென் ஜோசப் கோயிலில், முழந்தாளில் ஏறுவோருக்கென ஒதுக்கப்பட்ட 99 மரப்படிகளில், பொட்டிட்ட எமது பெண்கள் ஏறக் கண்டிருக்கிறோம். அங்கே மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெள்ளிக்கிழமை முருகனுக்கு அர்ச்சனையும் செய்வர். அகதி விசாரணைக்கு முதல்நாள் நாமும் அங்கே ஒரு திரி கொளுத்தினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதனால் நாம் கிறிஸ்தவராகிவிடவும் இல்லை.

கிறிஸ்தவத்தின் நடுவில் இருப்பது, நடந்து முடிந்த ஒரு சம்பவத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை. கடவுள் ஒருவர், அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் இருப்பவர். சுதன் யேசு என்ற மனிதராகப் பிறந்தார், மனிதரின் பாவத்துக்காகச் சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார், மீண்டும் வருவார். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வகுத்து, 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் விரிக்கப்பட்ட விசுவாச அறிக்கையின் சாரம் இது. அந்த 381ஆம் ஆண்டு வடிவத்திலே பொந்தியு பிலாத்து என்ற உரோம அதிகாரியின் பெயர் வருகிறது. நாள்தோறும் பற்றுச்சீட்டுகளோடு மல்லுக்கட்டும் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தப் பெயர்தான். விசுவாசத்தைச் சொல்லும் இடத்தில் ஓர் ஆளுநருக்கு என்ன வேலை? இன்னாருடைய ஆட்சியில் இது நடந்தது என்று திகதி இட்டு வைத்திருக்கிறார்கள்!

எமது சித்தாந்தமும் அருளைப் பேசுகிறது. ஆன்மா தன் முயற்சியால் மட்டும் பாசத்தை அறுக்க முடியாது என்பதில் இரு சமயமும் அருகருகே வந்து நிற்கின்றன. ஆனால் சிவன் தாய் வயிற்றில் பிறப்பதில்லை என்பது எமது துணிவு. அவர்களுக்கோ அந்த ஒரு பிறப்பு இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

சரி, இவற்றை அறிந்தால் போதுமா? நல்லூர் ஆறுமுக நாவலரைக் கேளுங்கள். இன்று யாழ். மத்திய கல்லூரியாக இருக்கும் மெதடிஸ்த பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் அவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் நாவலர் அந்த வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். பிறகு சைவத்தைக் காக்க எழுதியபோது பைபிளிலிருந்தே ஆதாரம் எடுத்தார். சொல் சொல்லாக அந்நூலை அறிந்தவர் கிறிஸ்தவராகவில்லை.

ஏட்டில் பெயர் இருந்தால் போதுமா? ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டார்கள். உத்தியோகத்துக்கும் காணி உரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள். எமது முன்னோர் தண்ணீரை ஏற்றார்கள், பெயரைப் பதிந்தார்கள், வீட்டுக்குள்ளே விபூதியைப் பூசினார்கள். ஆங்கிலேயர் வந்ததும் பெருந்தொகையானோர் வெளிப்படையாகவே சைவராக நின்றனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். நெருக்கியவன் மேல்தான் குற்றம். இந்தக் கியூபெக்கிலும் 1994 வரை கோயில் பதிவேடே பிறப்புப் பதிவாகவும் செல்லுபடியாயிற்று. அந்த ஏடுகளில் பெயருள்ள எத்தனையோ பேர் 1960களுக்குப் பின் கோயில் வாசலையும் மிதித்ததில்லை.

இவ்வளவையும் பார்த்தபின் அண்ணரின் "கடதாசி"யை எம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானம் ஒருமுறைதான். திருப்பிச் செய்வதுமில்லை, அழிப்பதுமில்லை. குழந்தைக்காகப் பெற்றோர் பதில் சொல்வர். வளர்ந்தவரிடமோ, பிதாவை விசுவசிக்கிறாயா, சிலுவையில் இறந்து உயிர்த்த சுதனை விசுவசிக்கிறாயா என்று நேரே கேட்பார்கள். அவரே வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

எமது முதல் மாரிகாலத்தில் போட்ட தடித்த ஜக்கற் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கிடைத்தது. நீ என்ன சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் தெய்வத்துக்கு முன் எமது வீட்டுப் பிள்ளை போய், மண்டபமும் மாமியும் மனதில் இருக்க, "விசுவசிக்கிறேன்" என்று பொய் சொல்வதா? அது சைவத்துக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் செய்யும் அவமரியாதை.

பிள்ளையிடம் இப்படித்தான் சொன்னோம்: "அந்தக் கேள்வியளுக்கு உண்மையாய் ஓம் சொல்ல உன்னாலை ஏலுமெண்டால், சித்தப்பா வந்து முன்வாங்கிலை இருப்பன். ஏலாதெண்டால் சொல்லாதை." திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்கு ஆயரின் அனுமதியோடு அவர்களிடமே வழி இருக்கிறது என்பதையும் சொன்னோம். எமது தாயாருக்கு இந்த இரண்டு பதிலும் பிடிக்கவில்லை. எம்மோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிள்ளை தானாகவே பங்குச் சுவாமியாரைப் போய்ப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை, ஒரு புத்தகம் கொடுத்து, வாசித்துவிட்டு வா என்றாராம். போகிற வழியில் எம்மிடம் வந்து நாவலரின் சைவ வினாவிடையையும் வாங்கிப் போயிருக்கிறாள். இரண்டையும் முடிக்கும்வரை மண்டபம் பதிய வேண்டாம் என்று தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறாள். அண்ணர் அதற்கு முன்பே முற்பணம் கட்டிவிட்டார்.