பணிவிடைக்கும் ஒரு பட்டமா?



பங்கிற்குப் புதிதாக ஒரு தியாக்கோன் வந்து சேர்ந்தால், வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இவரை பிரதர் என்று கூப்பிடுவதா, சாமி என்று கூப்பிடுவதா?" என்பதே. நேற்றுவரை குருமடத்து மாணாக்கர். இன்றோ சுவிசேஷம் வாசிக்கிறார், பிரசங்கம் செய்கிறார், ஞானஸ்நானம் கொடுக்கிறார், பங்குக் குருவின் அநுமதியோடு மெய்விவாகம் நடத்தி வைக்கிறார், மரித்தோரை அடக்கம் செய்கிறார். ஆனால் பூசை செய்வதில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பதில்லை, அவஸ்தைப்பூசுதல் கொடுப்பதில்லை. ஆகையால் சிலர், "இவர் அரைக் குரு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரிதானா?

தியாக்கோன் என்பது கிரேக்கு மொழிச் சொல். பணிவிடைக்காரன், பந்தியில் பரிமாறுகிறவன் என்பது அதன் பொருள். அப்போஸ்தலர் நாட்களில், கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. அதைத் தீர்க்க அர்ச். முடியப்பர் முதலான ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். அப்போஸ்தலர்கள் ஜெபம் செய்து, அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். இந்தப் பட்டத்தின் துவக்கத்தைத் திருச்சபை அங்கேதான் காண்கிறது. பசித்த விதவைக்குச் சோறு கிடைக்கச் செய்வதற்கு இத்தனை ஜெபமும் சடங்கும் வேண்டுமா? வேண்டும் என்றே அப்போஸ்தலர்கள் எண்ணினார்கள்.

புதிய தியாக்கோனுக்கு நேரிடக்கூடிய ஒரு காரியத்தை நினைத்துப் பாருங்கள். பங்குக் குரு கிளைக் கிராமத்துக்குப் போயிருக்கிறார். இரவில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. படுக்கையில் கிடக்கும் பாட்டியம்மாள், "சாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேணும்" என்கிறாள். அவர் என்ன சொல்வார்? "பாட்டி, எனக்கு அந்த அதிகாரம் இல்லை. பெரிய சாமிக்குச் சொல்லியாயிற்று. அவர் வருமட்டும் நான் உங்களோடு இருக்கிறேன்" என்றுதான் சொல்ல முடியும். பிறகு உத்தம மனஸ்தாப மந்திரத்தை மெதுவாகச் சொல்லிக்கொடுத்து, அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

பல வருஷம் தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்தவருக்கு இது மனக்கசப்பான வேளை. "கேட்டதைக் கொடுக்க முடியாத நான் இங்கே எதற்கு?" என்று உள்ளம் கேட்கும். ஆனால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் விடிய விடிய விழித்திருக்கும் தாயை யோசித்துப் பாருங்கள். வைத்தியம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் எழுந்து போய்விடுவதில்லை. அவள் இருப்பு வீண் என்று சொல்லத் துணிவோமா? அதிகாரத்தினால் செய்யும் உதவி ஒன்று. அதிகாரம் இல்லாதபோதும் விட்டுப் போகாத உதவி மற்றொன்று. இரண்டாவதைக் கற்காதவன் கையில் முதலாவது வந்தால், அது எளிதில் ஆணவமாய் மாறிவிடும்.

அந்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்பு சமாரியாவிலே போதித்து ஞானஸ்நானம் கொடுத்தார். ஆனாலும் அந்த ஜனங்கள்மேல் கைகளை வைத்து இஸ்பிரீத்து சாந்துவை அளிக்க இராயப்பரும் அருளப்பரும் வரவேண்டியிருந்தது. தாம் தொடங்கியதை மற்றவர் நிறைவு செய்தார்களே என்று பிலிப்பு முறுமுறுத்ததாக எழுதப்படவில்லை. அடுத்து நாம் அவரைக் காண்பது காசாவுக்குப் போகும் வனாந்தரப் பாதையில். அங்கே எத்தியோப்பிய மந்திரி ஒருவனுக்கு வேதவாக்கியத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார்.

தியாக்கோன் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் இடையே குறைந்தது ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த ஆறு மாதத்தை ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம்போல் கழித்துவிடலாகாது. குருவானபின்பும் தியாக்கோன் பட்டம் அழிந்துபோவதில்லை. மகா ஆடம்பரப் பூசையில் மேற்றிராணியார் தம் பூசை உடுப்புக்குள்ளே தியாக்கோனுக்குரிய அங்கியையும் அணிவதுண்டு. மேலானவரும் பணிவிடைக்காரரே என்பதற்கு அது அடையாளம். இன்னும், 1964-ம் வருஷம் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், வயது முதிர்ந்த, விவாகமானவர்களும் இந்தப் பட்டம் பெறலாம் என்று வழி திறந்தது. அவர்கள் குருவாவதற்காக இதைப் பெறுவதில்லை. சாகுமட்டும் தியாக்கோன்களாகவே இருப்பார்கள். இது வெறும் படிக்கட்டு அல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

பெற்றோர்களே, இதில் உங்களுக்கும் கடமை உண்டு. புதியவருக்கு மாலை போட்டு, நாற்காலி போட்டு, விருந்து வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணாதேயுங்கள். நோயாளி கிடக்கும் வீட்டையும், பேச்சுவார்த்தை அற்றுப்போன சகோதரர்களின் வீட்டையும், கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட வாலிபனையும் அவருக்குக் காட்டுங்கள். பிரசங்கத்தில் அவர் தடுமாறினால் சிரியாதேயுங்கள்.

அடுத்த முறை தியாக்கோன் உதவி செய்யும் பூசையில், நன்மை கொடுத்து முடிந்தபின் சற்றே கவனியுங்கள். பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைக்கிறவர் அவரே. உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், அதே வேலையைச் செய்கிறவர் யார்? அவரைப் பார்த்து "அரைத் தாய்" என்று யாராவது சொல்வார்களா?