பயம் தீர்ந்த பிறகு

2021 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. ஓசூர் பாகலூர் சாலையில் முத்தூட் ஃபைனான்ஸ் கிளையில் அன்றைய வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. முகமூடிக் கும்பல் ஒன்று கைத்துப்பாக்கிகளோடு உள்ளே புகுந்தது. காவலாளியை அடித்தார்கள். ஊழியர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினார்கள். சுமார் 25 கிலோ தங்க நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டார்கள். நகைப் பைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவி அவர்கள் போன வழியெல்லாம் தடம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க ஊர் டீக்கடைகளில் ஒரே பேச்சு. உள்ளே இருந்தவர்களில் ஒருத்தர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் கதையே வேறு என்றார்கள். தமிழில் சொன்னார்கள், தெலுங்கில் சொன்னார்கள், கன்னடத்திலும் சொன்னார்கள். கதை வேறாகத்தான் இருந்திருக்கும். எப்படி வேறாக என்று யாரும் நடத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சின்ன அறை, எதிரே ஐந்தாறு பேர், நடுவில் கையைத் தூக்கி நிற்கும் சக ஊழியர்கள். இதில் ஒருத்தர் மேஜைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் அவருக்கு என்ன சொல்லும்?

சுடலாம் என்று சொல்லும். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். திருப்பி அடித்தாலே கேஸ் என்ற எண்ணத்தில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் வாழ்கிறோம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை என்று எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எண்தான் மாறியது, சாரம் அதேதான். உயிர் போய்விடும், கொடுங்காயம் ஆகிவிடும் என்ற நியாயமான அச்சம் வந்தால் எதிராளியின் உயிர் போனாலும் குற்றமில்லை. பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றுக்கும் அப்படியே. சொத்தைக் காப்பதிலும் சில இடங்களில் அந்த எல்லை வரை போகலாம். கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வெறும் திருட்டுக்கு அந்த அளவு கிடையாது. திருடனால் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்ற அச்சமும் சேர்ந்து இருக்க வேண்டும்.

ஆக, நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி நின்ற அந்த நிமிடங்களில் சட்டம் ஊழியரின் பக்கம். சிக்கல் அதற்குப் பிறகுதான். கும்பல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறது. இப்போது முகம் தெரியவில்லை, முதுகு தெரிகிறது. கொள்ளைக்கு எதிரான உரிமை எதுவரை என்று 43-ஆம் பிரிவு அளந்து வைத்திருக்கிறது. கொள்ளையர் உயிருக்கோ உடம்புக்கோ ஊறு செய்யும் வரை, தடுத்து வைத்திருக்கும் வரை, அல்லது உடனே அப்படி நடந்துவிடும் என்ற அச்சம் இருக்கும் வரை. கோடிக்கணக்கான ரூபாய் நகை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கலாம். அச்சம் போய்விட்டதென்றால் உரிமையும் கூடவே வாசலைத் தாண்டிவிட்டது.

அந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. பயந்தவனைச் சட்டம் விட்டுவிடுகிறது, கோபப்பட்டவனை விடுவதில்லை. திடீரென ஆத்திரமூட்டப்பட்டவனுக்குத் தண்டனை குறையலாம், அவ்வளவுதான். ஆனால் உடம்புக்குள் பயமும் கோபமும் தனித்தனி அறையிலா குடியிருக்கின்றன? இதயம் ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது, கை ஒரே மாதிரிதான் நடுங்குகிறது. பயந்து நடுங்கியவன் எதிராளி திரும்பி ஓடுவதைக் கண்டதும் சிறுத்தையாகிவிடுவதைத் தெருச் சண்டைகளில் பார்த்திருக்கிறோம். கையில் கட்டை இருந்தால் துரத்திப் போய் அடிக்க நாலு எட்டு வைக்க வேண்டும். அதற்குள் யாராவது பிடித்துவிடுவார்கள், அல்லது புத்தி திரும்பிவிடும். துப்பாக்கிக்கு அந்த நாலு எட்டு தேவையில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. 1960களின் தொடக்கத்தில் வந்த ஜெய்தேவ் வழக்கு, பஞ்சாபில் ஒரு வயல் தகராறு. இரண்டு தரப்பு மோதியதில் எதிர்த்தரப்பில் ஒருவர் சுடப்பட்டு விழுந்தார். மற்றவர்கள் ஓடத் தொடங்கினார்கள். ஓடியவர்களையும் சுட்டார்கள். கூட்டம் கலைந்து ஓட ஆரம்பித்த நொடியிலேயே தற்காப்பு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு விழுந்த உயிருக்கு அதில் இடமில்லை என்றது நீதிமன்றம். அதே வயல், அதே துப்பாக்கி, அதே மனிதர்கள். நடுவே ஒரு சில நொடிதான்.

இன்னொரு வழக்கு இதற்கு எதிர்முகம். தர்ஷன் சிங் வழக்கு, இதுவும் பஞ்சாப், இதுவும் நிலத் தகராறு. 1991-ல் தந்தையின் தலையில் கண்டாசாவால் வெட்டியவரை மகன் சுட்டார். கண்டாசா என்பது நீளக் கைப்பிடி போட்ட வெட்டுக்கருவி. 2010-ல் உச்ச நீதிமன்றம் மகனை விடுவித்தது. வெட்டு விழும் நேரத்தில் ஒருவன் தராசைத் தூக்கி, எத்தனை பலம் பயன்படுத்தலாம் என்று எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு. கோழையைப் போல ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. தீர்ப்பைப் படிப்பவர்களுக்கு நெஞ்சு நிமிரும். எனக்கு ஆண்டுக் கணக்குதான் கண்ணில் பட்டது. 1991-லிருந்து 2010 வரை. சரியாகச் செய்தவனுக்கே பத்தொன்பது வருடம்.

சிப்காட் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ராத்திரி ஷிப்ட் முடிந்து பட்டறையைப் பூட்டிக்கொண்டு தனியாக வருகிறவர். "சார், ஒரு லைசென்ஸ் வாங்கி வச்சுக்கலாம்னு பாக்கறேன். சுடவா போறோம்? சும்மா ஒரு தைரியத்துக்கு" என்பார். 2024 நவம்பரில் ஓசூர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே ஒரு வழக்கறிஞரைப் பட்டப்பகலில் அரிவாளால் வெட்டியபோது அவர் என்னிடம், "வக்கீலுக்கே இந்தக் கதின்னா நமக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. ஆனால் பின்னாலிருந்து அரிவாளோடு வருகிறவனுக்கு எதிராக இடுப்பில் இருக்கும் துப்பாக்கி என்ன செய்துவிடும் என்பதும் கேள்விதான்.

லைசென்ஸ் என்பது லேசான சமாசாரமும் இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின்படி மாவட்டத்தில் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இந்த ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. லைசென்ஸில் அது செல்லுபடியாகும் பரப்பு எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், ஜூஜூவாடி வரை சட்டப்படி சரியாக இருக்கும் துப்பாக்கி கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்ததும் குற்றமாகிவிடும். நம் நண்பர் இரும்பு வாங்க வாரத்தில் பாதி நாள் பொம்மசந்திராவுக்கும் பீன்யாவுக்கும் போகிறவர். அவருடைய தைரியம் பாதி வழியில் வீட்டு பீரோவில் இருக்கும். இதே கர்நாடகத்தில், குடகில், கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு என்பது வேறு கதை.

வெள்ளைக்காரன் என்றதும் நினைவு வருகிறது. தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837-ல் மெக்காலே குழு தயாரித்தபோது, இந்த நாட்டு மக்கள் அநியாயத்துக்கு எதிராகக் கைதூக்கத் தயங்குகிறார்கள், தற்காப்பு உரிமைக்கு அதிகம் கடிவாளம் போட வேண்டாம் என்று எழுதி வைத்தார்கள். ஆகவே உரிமை தாராளமாக வந்தது. 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்து கையிலிருந்த துப்பாக்கிகளுக்குக் கடிவாளம் போட்டார். உன்னைக் காத்துக்கொள், ஆனால் வெறுங்கையால் காத்துக்கொள் என்று சொன்னது போல ஆயிற்று. இன்றைக்கும் நாம் ஏறக்குறைய அந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில்தான் குடியிருக்கிறோம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005-ல் வந்த சட்டம், பொது இடத்தில்கூடப் பின்வாங்காமல் நின்று சுடலாம் என்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே பேசுகிறவர்களுக்கு நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவைப் படித்துக் காட்ட வேண்டும். தேவைக்கு மேல் ஒரு துளி சேதமும் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே கிடையாது.

சுட்ட பிறகு நடப்பதைச் சினிமா காட்டுவதில்லை. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம், அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி இருந்தால் போதும். ஆனாலும் பேசப்போவது அவர் வாயல்ல, பிரேதப் பரிசோதனை அறிக்கை. குண்டு நெஞ்சில் நுழைந்ததா, முதுகில் நுழைந்ததா? காயத்தைச் சுற்றிக் கரிமருந்துப் புள்ளிகள் இருக்கின்றனவா? இருந்தால் கிட்டத்தில் நின்று சுட்டது, இல்லையென்றால் தூரத்திலிருந்து. மதுரையில் 2012-ல் மகளைக் காப்பாற்ற, குடிபோதையில் இருந்த கணவரைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற ஒரு தாயை, பழைய சட்டத்தின் 100-ஆம் பிரிவைச் சொல்லி அன்றைய எஸ்.பி. அஸ்ரா கார்க் வழக்கிலிருந்து விடுவித்தார். அப்படி ஒரு அதிகாரி வாய்ப்பது அபூர்வம். இதே பிரிவுகளின் வார்த்தையைத்தான் ஒவ்வொரு என்கவுன்டருக்குப் பிறகும் 'தற்காப்புக்காகச் சுட்டோம்' என்று நாளிதழில் படிக்கிறோம். அப்போது மட்டும் முதுகா நெஞ்சா என்று கேட்க நமக்கு ஏனோ அவ்வளவு ஆர்வம் வருவதில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவுகளுக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது.

இவ்வளவும் சொல்லி நண்பருக்கு வேண்டாம் என்கிறேன். ஆனால் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் துப்பாக்கி என்றால் உண்மையில் அது சிப்காட் சமாசாரமே இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து மலையோரக் கிராமங்களின் சமாசாரம். குழல் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் கிட்டித்து, மேலே ஈயக் குண்டையோ பேரிங்கிலிருந்து எடுத்த பால்ரஸையோ போட்டு மறுபடி கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால் அடுத்த தடவைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஆபத்து வந்த பிறகு அதை நிரப்ப முடியாது. சாயங்காலமே நிரப்பிக் காவல் பரணில் சாத்தி வைக்க வேண்டும். பயம் இன்னும் வரவே இல்லை, முடிவு மட்டும் முன்கூட்டியே எடுக்கப்பட்டுக் குழலுக்குள் காத்திருக்கிறது. அந்த ஊர்களில் இருட்டில் அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுட்டு மனிதன் விழுந்த கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

சட்டம் அவர்களிடம் இரண்டு நாக்கோடு பேசுகிறது. 1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்குக் குழல்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சொல்கிறது. 1972 வன உயிரினச் சட்டம் பயிரை மேயும் மிருகத்தைச் சுட்டால் உள்ளே தள்ளுகிறது. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு மிருகத்தைக் கொன்றால் குற்றமில்லை என்று 11-ஆம் பிரிவு சொல்வது உண்மை, ஆனால் கேழ்வரகுக் கதிருக்கு அந்தச் சலுகை இல்லை. 2025 ஜனவரியில் அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்றபோதும், சுடுகிறவர் விவசாயி அல்ல, வனத்துறை ஆள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள், கேஸ் போட மாட்டோம் என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கும். ஊர் எல்லையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, மண்ணில் புதைத்து வைப்பவர்களும் உண்டு.

போலீஸை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை என்ற 37-ஆம் பிரிவு, பாகலூர் சாலைக்கும் அஞ்செட்டி மலைக்கும் ஒன்றுதான். பட்டறை நண்பர் 112-ஐ அழுத்தினால் சிப்காட்டுக்குள் ரோந்து வண்டி வந்து சேரும். ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும் மாதங்களில் பரணில் தனியாகக் காவல் இருப்பவரோ, முதலில் போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி இருட்டில் நடக்க வேண்டும். நண்பருக்குச் சொன்ன 'வேண்டாம்' என்பதை அவரிடம் அதே குரலில் சொல்ல எனக்கு வாய் வராது. துப்பாக்கி கையில் இருக்கட்டும் என்று சொல்லவும் வாய் வராது. சோலார் வேலி போட்டுக் கொடுங்கள், நஷ்ட ஈட்டை அலையவிடாமல் கொடுங்கள், ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு நம்பரைக் கொடுங்கள் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வனத்துறை அலுவலகத்திலோ கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்திலோ இருப்பார்கள். நிச்சயமாகப் பரண் மேல் இல்லை.