கண்டிக்கும் முன் கற்பிக்க வேண்டாமா?

கடந்த ஆடி மாதம் விடுமுறைக்குச் சுங்கை புரோங்கில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. வெளியூரிலிருந்து வந்த சமயப் பேச்சாளர் ஒருவர் ஒலிபெருக்கியில், “முனியாண்டிக்குச் சேவல் அறுப்பது பாவம், ஆகமத்துக்கு விரோதம். அப்படிச் செய்கிறவர்கள் இந்துக்களே அல்ல” என்று முழங்கினார். கைத்தட்டல் பலமாகக் கிடைத்தது.

பாட்டி கைத்தட்டவில்லை. எங்க அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் துடித்தாராம். அன்றைக்கு நேர்ந்துகொண்டதிலிருந்து வருஷம் தவறாமல் முனியாண்டிக்குச் சேவல் கொடுப்பவர் பாட்டி. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: “ஏம்பா, நான் அம்பது வருஷமா கும்புடுறேன். பாவம்னா, இத்தன நாளா வந்து சொல்லாம இவரு எங்க இருந்தாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. நண்பர்களே, உங்களுக்கு வருகிறதா?

பேச்சாளர் சொன்ன கருத்து தவறில்லை. நானும் உயிர்ப்பலியை ஏற்காதவன்தான். திருக்குறளில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்களே இருக்கின்றன. ஆனால் ஒரு விதியைச் சொல்லித் தராதவருக்கு, அதை மீறியவரைக் கண்டிக்க உரிமை உண்டா? இதுதான் என் கேள்வி.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை (1822–1879) எடுத்துக்கொள்வோம். நூல்விதியில் அவரைப் போல் கண்டிப்பானவர் குறைவு. நல்லூர்க் கந்தசாமி கோயிலிலேயே ஆகமத்துக்கு மாறானவை நடக்கின்றன என்று துணிந்து கண்டித்தவர் அவர். கோயில்களில் ஆடு வெட்டுவதையும் எதிர்த்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். அச்சுக்கூடம் வைத்தார். சிறுபிள்ளைக்கும் புரியும்படி பாலபாடமும், கேள்வி பதிலாகச் சைவ வினாவிடையும் எழுதினார். 1870களில் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அவர் கண்டிப்புக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருந்தது.

நாவலரிடமும் குறை உண்டு. சாதி வேறுபாட்டையும் அவர் விதி என்றே காத்தார். அந்த விதி நம் தோட்டத்து மக்களில் பலரைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதியைக் கற்பிப்பவர் அதன் காரணத்தையும் கற்பிக்க வேண்டும், கேள்வி கேட்க இடம் தர வேண்டும். நான் படிக்கும் பொறியியல் துறையிலும் பாதுகாப்பு விதிகள் ஏராளம். காரணம் புரிந்த விதியை யாரும் பார்க்காதபோதும் கடைப்பிடிக்கிறோம். காரணம் தெரியாத விதியை மேற்பார்வையாளர் நகர்ந்ததும் விட்டுவிடுகிறோம். காரணமே சொல்ல முடியாத விதி என்றால் அது தர்மமா, வெறும் பழக்கமா என்று யோசிக்க வேண்டியதுதான்.

மறுநாள் பாட்டியிடம் கொல்லாமை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, அப்போ நேர்ந்துகிட்டத என்னா பண்றது? சாமிகிட்ட சொன்ன வாக்கு இல்லியா?” என்றார். மறுபடியும் மாட்டிக்கொண்டேன். நேராகக் கோயில் பூசாரியிடமே போய்க் கேட்டோம்.

“அதுக்கென்னம்மா, பூசணிக்காய்ல குங்குமம் தடவி வெட்டலாமே. சாமி ஏத்துக்கும்” என்றார்.

“ஏங்கய்யா, இத முன்னமே சொல்லலியே?”

“யாரும் கேக்கலியேம்மா.”

அந்தப் பதில் இன்னும் என் காதில் கேட்கிறது. மேடையில் இருந்தவர் கற்பிக்காமல் கண்டித்தார். கோயிலில் இருந்தவர் தெரிந்தும் சொல்லாமல் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அம்பது சேவல்கள் போயின. யாராவது கேட்கட்டும் என்று நாவலர் காத்திருக்கவில்லையே!

சமயத் தலைவர்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தேவார வகுப்புக்குப் போன நாமும் வீட்டில் எதைச் சொல்லித் தந்தோம்? பாட்டியின் அந்த ஒரு கேள்விக்கு நானே இருபது வருஷம் தாமதம்.

இந்த வருஷம் பாட்டி பூசணிக்காய் வாங்கப் போகிறாராம். “பெருசா பாத்து வாங்கு, முனியாண்டி கோவிச்சுக்கப் போறாரு” என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.