மூன்று மொழி, ஒரே கல்

கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1409 எனத் தேதியிட்டுச் செங் ஹோ சீனாவிலிருந்து கொண்டுவந்த கல். 1911-இல் காலி நகரில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயினாராகிய திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை.

படிச்சப்போ பெருமையா இருந்துச்சு. ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதே செங் ஹோ அதே தீவில் போரிட்டு, அதன் ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சென்றார். அப்போ அந்த மரியாதை பொய்யா?

பொய்யென்று சொல்லமாட்டேன். அடுத்தவர் தெய்வத்தை அவர் மொழியிலேயே அழைத்தது பெரிய விஷயம். ஆனா, கல்லில் வெட்டினால் மட்டும் போதாது.

நண்பர்களே, தீபாவளித் திறந்த இல்லத்தில் எல்லா இனத்தாருக்கும் முறுக்கு நீட்டுகிறோம். அவர்கள் போனபின் என்ன பேசுகிறோம்? நானும் கேலி பேசியவன்தான். நம் மரியாதைக்குச் சோதனை அந்த நேரம்தான்.